சுங்கை சிப்புட்டிலிருந்து பாங்காக்: நேர் ரயிலா, ஹாட்யாயில் மாறி ஏறுவதா?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் ஊர்க்காரர்களுக்குத் தாய்லாந்து என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹாட்யாய்தான். வேன் பிடித்துப் போவது, கடை கடையாக ஏறி இறங்குவது, பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்புவது. நானும் வீட்டுக்காரரும் பாங்காக் வரை ரயிலிலேயே போகப் போகிறோம் என்றதும், “ஏங்க்கா, பிளேன் இல்லையா?” என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இருக்கிறது. பினாங்கில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், சலுகை விலை அமைந்தால் ரயிலைவிடக் குறைவாகவும் முடியும். அவசரக்காரர்கள் அதில் போகட்டும். ரயில்தான் என்று மனசில் முடிவு செய்தவர்களுக்கு இது.

முதல் பாதியில் யோசிக்க ஒன்றுமில்லை. சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்னும் மின்சார ரயிலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் எல்லை ஊரான பாடாங் பெசார். பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் பெராப்பிட் சுரங்கம், அப்புறம் புக்கிட் மேரா ஏரியின் மேலேயே ஓட்டம். ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்தில் பட்டர்வொர்த்தில் ஏறினால் பாங்காக்கில் இறங்கலாம்; 2016 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பாடாங் பெசாரில் மாறித்தான் ஆக வேண்டும்.

அங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, பாடாங் பெசாரிலிருந்தே மாலையில் கிளம்பி மறுநாள் காலை பாங்காக் சேரும் 46ஆம் எண் இரவு ரயில். இன்னொன்று, ஷட்டல் ரயிலில் ஒரு மணி நேரம் போய் ஹாட்யாயில் இறங்கி, அங்கே புறப்படும் 32ஆம் எண் ரயிலில் ஏறுவது. நாங்கள் போனது 46இல். 32இல் ஏறியதில்லை; என் நாத்தனார் போய் வந்து சொன்னதை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

பெட்டியின் அழகைப் பார்த்தால் 32தான். 2016இல் ஓடத் தொடங்கிய சீனப் பெட்டிகள், கழிப்பறை சுத்தம், முதல் வகுப்பில் இரண்டு பேருக்குக் கதவு பூட்டும் அறைகூட உண்டு. 46 பழைய பெட்டி, இரண்டாம் வகுப்பு மட்டும். பழசு என்றாலும் விரிப்பும் தலையணை உறையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. குளிர்சாதனம்தான் ஓவர், சால்வை இல்லாமல் போகாதீர்கள்.

ஆனால் எங்கள் வயதுக்காரர்களுக்கு எல்லாவற்றையும் முடிவு செய்வது கீழ்ப்படுக்கை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நடைபாதையின் இருபக்கமும் எதிரெதிராக இரண்டு இருக்கைகள் இருக்கும். ராத்திரி ஊழியர் வந்து அவற்றை இழுத்துச் சேர்த்து மெத்தை போடுவார்; அது கீழ்ப்படுக்கை. மேலே மூடியிருப்பதைத் திறந்து இறக்கினால் மேல்படுக்கை. கீழ்ப்படுக்கை அகலம், ஜன்னலும் அதற்குத்தான். மேலே குறுகல், ஜன்னல் கிடையாது, நடைபாதை விளக்கு முகத்திலேயே அடிக்கும். ஏறி இறங்க ஒரு சின்ன இரும்பு ஏணி. வீட்டுக்காரருக்கு இனிப்புநீர், ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்தாக வேண்டும். எனக்கு முட்டி வலி. ஓடுகிற ரயிலில், தூக்கக் கலக்கத்தில், அந்த ஏணியில் யார் இறங்குவது? 32இன் முதல் வகுப்பு அறைக்குக் கூடக் காசு கொடுத்தாலும் அங்கேயும் படுக்கை ஒன்றன்மேல் ஒன்றுதான். பூட்டு கிடைக்கும், ஏணி போகாது.

சரி, இரண்டு கீழ்ப்படுக்கை வாங்கிவிடலாமே என்றால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கீழும் மேலும் வாங்கும் தம்பதி பகலில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டு போகலாம். இரண்டும் கீழே வாங்கினால் ஆளுக்கொரு பக்கம்; எதிரே மேல்படுக்கைக்காரர் உட்காருவார். 46 எங்களுக்குப் பிடித்துப்போனது இதனால்தான். அது கிளம்பும் ஊரிலேயே ஏறியதால் ஹாட்யாய் வரை பெட்டியில் பாதி காலி. நடைபாதைக்கு இருபுறமும் இரண்டு கீழ்ப்படுக்கை எங்களுடையது, ஆனால் ஒரே ஜன்னலில் எதிரெதிரே உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஹாட்யாயில் கூடுதல் பெட்டிகளை இணைத்தார்கள், ஆட்கள் ஏறினார்கள், அவரவர் இடத்துக்குப் போய்விட்டோம். கொஞ்ச நேரத்தில் எப்படியும் படுக்கை போட்டுவிடுவார்களே. 32இல் ஹாட்யாயிலேயே எல்லோரும் ஏறுவதால் இந்த வசதி இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சாமான் தூக்கும் வேலை. பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்துக்குள். கடப்பிதழில் இரண்டு முத்திரை வாங்கி, அந்தப் பக்கம் நிற்கும் 46இல் ஏறினால் பாங்காக் வரை சாமானைத் தொட வேண்டாம். ஹாட்யாய் வழியில் இறக்கி, காத்திருந்து, மறுபடி ஏற்ற வேண்டும். 2025 மே முதல் தாய்லாந்துக்கான வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும், அதுவும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். வீட்டிலேயே பிள்ளைகளை வைத்து முடித்துவிடுங்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னே என்பதும் நினைவிருக்கட்டும். ஒன்றில் மட்டும் ஹாட்யாய் வழிக்கு மார்க் போடலாம். இடிஎஸ் தாமதமாகி 46ஐ விட்டுவிட்டால் பாடாங் பெசாரில் ராத்தங்க வேண்டியதுதான். காலை ஷட்டலில் ஹாட்யாய் போகிறவர்களுக்குக் கையில் நேரம் நிறைய. நாங்கள் அதற்காகவே காலை இடிஎஸ் பிடித்தோம்.

ஜன்னல் எதற்கு, ராத்திரிதானே என்று கேட்காதீர்கள். விடிந்த பிறகு ரயில் பான் பொங்கைக் கடக்கும். 1942-43இல் சயாம் மரண ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரர்கள் பிடித்துப் போன சனங்களை இறக்கிவிட்ட ஊர் அது. வீட்டுக்காரரின் தாத்தா அப்படிப் போய்த் திரும்பாதவர். ஊர்ப்பலகை வந்ததும் இவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

பாங்காக்கைப் பற்றி இருந்த பயம் நிலையத்திலேயே போய்விட்டது. 2023 முதல் தொலைதூர ரயில்கள் வந்து நிற்கும் குருங் தேப் அபிவாட் ரயில் நிலையம், ஒரு விமான நிலையம் அளவுக்குப் பெரியது. நாங்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து ஒரு பெண் ஊழியர் தானாகவே வந்து, மொழி புரியாமலேயே எம்ஆர்டி நகர ரயிலின் டிக்கெட் இயந்திரம் வரை கூட்டிப்போய், டிக்கெட்டாகப் பயன்படும் கறுப்பு வில்லை எடுத்துக் கொடுத்தார். நீலத் தடத்தில் மாறாமல் சீலோம் போகலாம். அங்கே சீலோம் சாலை மகா மாரியம்மன் கோயிலில் நம்மைவிடத் தாய்க்காரர்கள்தான் அதிகம்; சாமந்தி மாலையும் தேங்காயுமாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பூ விற்ற அம்மா நாங்கள் மலேசியா என்றதும் ஒரு முழம் கூடவே கொடுத்தார்.

திரும்புவதற்கு 45ஆம் எண் ரயில். போகும் டிக்கெட்டோடு அதையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். பாடாங் பெசார் வரை வரும் பெட்டிகள் சொற்பம், கீழ்ப்படுக்கை முதலில் தீர்ந்துவிடும். வாங்கிய சாமான் நிறைய இல்லையென்றால், வரும்போது மட்டும் காலையில் ஹாட்யாயில் இறங்கிப் பொரித்த வெங்காயம் தூவிய கோழியைச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் ஷட்டலில் வரலாம். அடுத்த தடவை எங்கள் திட்டம் அதுதான்.