சிகரெட்டை மறக்கடிக்கும் ‘மூலிகை வாய்ப்பொடி’: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘சிகரெட், பீடிப் பழக்கத்தை ஒரே மாதத்தில் மறக்கடிக்கும் மூலிகை வாய்ப்பொடி’ என்று பிளக்ஸ் வைத்து, லாட்ஜ் ஹால் பிடித்து முகாம் நடத்துகிறார்கள். வாங்காதீர்கள். அந்தப் பொடி புகையிலை. சிகரெட்டை விட நினைக்கிறவன் வாயிலேயே புகையிலையை அடக்கி வைக்கச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள்.

முகாம் நடத்துகிற ஆளின் பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம். இன்னொன்று, பெயரும் நம்பரும் ஊருக்கு ஊர் மாறுகிறது. பொடியும் பேச்சும்தான் மாறவில்லை. அதை விவரமாகச் சொல்கிறேன், கேட்டால் அடையாளம் தெரிந்துவிடும்.

எனக்குப் பாம்பனில் வலைக்கடை. தங்கூசி (நைலான் நரம்பு), கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு இதெல்லாம் வியாபாரம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். அந்த இரண்டு மாதமும் இங்கே ஊரே தூங்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் கிழிந்த வலையைச் சரி பண்ணுவது, படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, இன்ஜினை இறக்கிப் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். உட்கார்ந்த இடத்து வேலை என்பதால் பீடியும் சிகரெட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போகும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறுவதும் அதை ஒட்டித்தான். முகாம்காரர்கள் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் தேதி குறிக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு மாதக் கோர்ஸ் 3,600 ரூபாய். நிவாரணத்தில் கிட்டத்தட்டப் பாதி.

நான் ஏன் போனேன் என்பது பெரிய கதை இல்லை. காலையில் நான் இருமத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் அலாரம் வைக்க வேண்டியதில்லை, அந்த அளவுக்கு வந்துவிட்டது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜ். பிளக்ஸில் ‘இலவச ஆலோசனை’. பேசியவர் தன்னை அஞ்சு தலைமுறை வைத்தியக் குடும்பம் என்றார். பேச்சு நடுவிலே முன்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து, தினம் மூணு பாக்கெட் பிடித்தவன், இந்தப் பொடியால் குடும்பமே பிழைத்தது என்று கண்ணைத் துடைத்தார். பிற்பாடு தொண்டிப் பக்கம் நடந்த முகாமிலும் அதே ஆள், அதே கட்டம் போட்ட சட்டை, அதே கண்ணீர் என்று என் மச்சினன் வந்து சொன்னான். சட்டையையாவது மாற்றியிருக்கலாம்.

அங்கே எதைக் கேட்கவில்லை என்பதுதான் முக்கியம். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, வேறு மாத்திரை சாப்பிடுறீங்களா என்று ஒரு கேள்வி இல்லை. ‘காலையில் கண் முழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?’ என்பது இந்தப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் முதலில் கேட்கிற கேள்வி. அரை மணிக்குள் என்றால் நிக்கோடின் பிடிப்பு ஜாஸ்தி என்று அர்த்தம். அதுவும் இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று, ஜிபே இருக்கா என்பது. பில் கேட்டால், “பில் போட்டா வரி வரும் தம்பி, அது உங்க தலையிலதான் விழும்” என்றார்கள். பில்லுக்குப் பதில் ஒரு உத்தரவாத அட்டை: ‘கோர்ஸ் முடிந்த பிறகும் சிகரெட் அல்லது பீடி பிடித்தால் முழுப் பணம் வாபஸ்.’ இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொடி சின்ன வெள்ளை டப்பாவில் இருக்கும். பழுப்பு நிறம், கிராம்பு வாசம் தூக்கலாக. சிகரெட் நினைப்பு வரும்போது ஒரு சிட்டிகை எடுத்துக் கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அடக்க வேண்டும், எச்சிலை விழுங்காமல் துப்ப வேண்டும். வைத்ததும் ஈறு சுரீர் என்று எரியும். தலை கிறுகிறுக்கும், விக்கல் வரும், உள்ளங்கை வேர்க்கும். “நஞ்சு வெளியேறுது, பயப்படாதீங்க” என்று முகாமிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மனசு லேசாகிவிடும், சிகரெட் ஞாபகமே இருக்காது. நிஜமாகவே இருக்காது. அதனால்தான் ஆளுக்கு ஆள் சொல்லி இது பரவுகிறது.

டப்பா காலியான அன்று மத்தியானமே கை நடுங்க ஆரம்பித்தது. கடைக்கு வந்தவன் மீதெல்லாம் எரிச்சல். போன் போட்டேன். “வேர் பிடிச்ச பழக்கம்ல, இன்னொரு கோர்ஸ் போட்டாத்தான் அறும். பழைய கஸ்டமர், உங்களுக்கு 2,800” என்றார்கள். கூரியரில் வந்தது.

இனி என் அப்பத்தா. எண்பது தாண்டிவிட்டது, வெற்றிலையை உரலில் இடித்துத்தான் போடும். புது டப்பாவைத் திறந்து திண்ணையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால், அப்பத்தா டப்பாவை மூக்குக்குக் கீழே பிடித்து மோந்து, நுனி விரலில் தொட்டு நாக்கில் வைத்து, முற்றத்தில் துப்பிக்கொண்டிருக்கிறது.

“ஏண்டா, இது என்ன மருந்துன்னு சொன்னே?”

“சிகரெட்டை விடுறதுக்கு அப்பத்தா.”

“அட கூறுகெட்டவனே. பொயிலையை இடிச்சு, சுண்ணாம்பைப் போட்டு, வாசத்துக்குக் கிராம்பைக் கலந்து வச்சிருக்கான். இதைப் பத்து ரூவாக்கு நான் பெட்டிக்கடையில வாங்குறேன். இன்னும் காரமா இருக்கும்.”

அந்த வாய்க்கு லேப் ரிப்போர்ட் தேவையில்லை. ஆனாலும் டப்பாவை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் அரசு மருத்துவமனை டாக்டரிடம் போனேன். அவர் கேட்டுக்கொண்டு சொன்னது இது: புகையிலையோடு சுண்ணாம்பு சேர்ந்தால் நிக்கோடின் வாய்ச் சவ்வு வழியாக வேகமாக ரத்தத்தில் இறங்கும். கிறுகிறுப்பு, விக்கல், வேர்வை எல்லாம் நிக்கோடின் அதிகமாகும்போது வருகிறவை. நஞ்சு வெளியேறுவதாகச் சொன்னார்களே, அது உள்ளே போகிற அறிகுறி.

முகாம்காரருக்குப் போன் போட்டு, “அண்ணே, இதுல பொயிலை இருக்கே?” என்று கேட்டேன். மறுக்கவே இல்லை. “புகைதானே தம்பி கெடுதல்? இதுல புகை இருக்கா? டாக்டருங்க குடுக்குற சூயிங்கம்முல மட்டும் நிக்கோடின் இல்லையா?” என்றார். சரி, பணத்தைக் கொடுங்கள் என்றேன். “கார்டை நல்லாப் படிங்க. சிகரெட் பிடிச்சாத்தான் வாபஸ். நீங்கதான் பிடிக்கலையே, மருந்து கேட்டிருச்சுல்ல?”

யோசித்துப் பாருங்கள், அந்த வரி எவ்வளவு சாமர்த்தியமாக எழுதப்பட்டிருக்கிறது. வாயில் புகையிலை இருக்கிற வரை எவனும் சிகரெட் தேட மாட்டான். அவர்கள் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டி வராது. பேச்சை முடிக்கும் முன்னால், பொடி பிடிக்கவில்லை என்றால் ‘கரண்ட் சிகரெட்’ ஒன்று இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றும் சொன்னார். அதாவது இ-சிகரெட். அதைத் தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது, 2019-ல் நாடு முழுவதுக்கும் சட்டம் வந்தது. விற்றால் முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைப் போனில் கூசாமல் சொல்கிறார்.

சூயிங்கம் பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகப் படும். நிக்கோடின் கம்மில் புகையிலை இலை கிடையாது. நிக்கோடின் மட்டும், அதுவும் 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். 2 மில்லிகிராம் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4-க்கு டாக்டர் சீட்டு வேண்டும். சுமார் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்காகவே அது இருக்கிறது. பொடியில் எவ்வளவு நிக்கோடின் என்று இடித்தவனுக்கே தெரியாது. வாய்ப்புற்றுக்குக் காரணமான நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருட்கள் இலையோடு சேர்ந்தே ஈறில் ஊறும். குறைப்பதற்கு வழியும் சொல்ல மாட்டார்கள், அடுத்த கோர்ஸ்தான் சொல்வார்கள்.

எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம் வேறு. சிகரெட்டை நிறுத்தினால் வருகிற எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். அதாவது பொடி எதுவும் இல்லாமல் பல்லைக் கடித்திருந்தாலே அந்த ஒரு மாதத்தில் மோசமான கட்டம் தாண்டியிருக்கும். பொடி போட்டதால் எனக்கு அந்தக் கட்டம் தொடங்கவே இல்லை, தள்ளிப்போனது. டப்பா காலியான மத்தியானம்தான் எனக்கு முதல் நாள். அதைத்தான் அவர்கள் ‘வேர் பிடிச்ச பழக்கம்’ என்று சொல்லி மறுபடி விற்றார்கள்.

டாக்டர் கம் எழுதிக் கொடுத்தார். அதை பபிள்கம் மாதிரி மென்றால் விக்கல்தான் மிச்சம். மெதுவாக மென்று, மிளகுக் காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி, கூல்டிரிங்ஸ் குடித்தால் ஒரு பதினைந்து நிமிடம் விட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் சரியாக ஏறாது. எனக்குக் கண்டம் அங்கேதான் இருந்தது. விடிகாலை ஏலம் முடிந்து எல்லோரும் டீக்கடையில் நிற்கிற நேரம், ஒரு கையில் கிளாஸ் இருந்தால் இன்னொரு கை தானாக மேல் பாக்கெட்டுக்குப் போகும். டீயை வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அதில் டீக்கடை அண்ணனுக்கு இன்னும் வருத்தம். ஆசை எழும்பினால் நாலைந்து நிமிடத்தில் தணிகிறது, அதற்குள் சிக்கிக் கிடக்கிற தங்கூசிச் சுருள் ஒன்றை எடுத்துச் சிக்கு எடுக்க உட்கார்ந்துவிடுவேன். கடையில் அந்த வேலைக்கா பஞ்சம். மலச்சிக்கல் வரும் என்று ஊரில் யாரும் எச்சரிக்கவில்லை, வந்தது. தண்ணீரும் வாழைப்பழமுமாகச் சமாளித்தேன். இப்போது சிகரெட்டும் இல்லை, பொடியும் இல்லை, கம்மும் நின்றுவிட்டது.

இனி டப்பா விஷயம். சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ, லேபிளில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, தயாரித்தவர் பெயர் முகவரி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இருந்தாக வேண்டும். இந்த டப்பாவில் ஒரு துளசிச் செடிப் படமும் செல் நம்பரும்தான். அடியில் எறும்பு எழுத்தில், ‘இது மருந்து அல்ல’. சரி, மருந்து இல்லை, பல்பொடி என்று வைத்துக்கொள்வோம். பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்க்க 1992-லிருந்து தடை. உணவு என்றால், 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி எந்த உணவிலும் புகையிலையோ நிக்கோடினோ சேர்க்கக் கூடாது. இல்லை, புகையிலைப் பொருள்தான் என்று அவர்களே ஒத்துக்கொண்டால், டப்பாவின் முகப்பில் 85 சதவீத இடத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை இருக்க வேண்டும். துளசி இருக்கிற இடத்தில் புற்றுநோய்ப் படம் இருந்திருக்கும். எப்படிச் சுற்றி வந்தாலும் சட்டத்தில் இடம் இல்லை. (முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை இதில் சேர்க்காதீர்கள்.)

சிகரெட்டையோ பீடியையோ விட நினைக்கிறவர்கள் காசு கொடுத்து முகாமுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. 1800-11-2356 என்பது அரசின் இலவச நம்பர், தமிழில் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, நாம்தான் பற்ற வைக்கிற அவசரத்தில் பார்ப்பதில்லை.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஒரே வழக்காகப் போடவும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே இந்தப் பொடியை வாங்கியவர்கள், கோபத்தில் டப்பாவைக் கடலில் வீசிவிடாதீர்கள். மிச்சப் பொடியோடு மூடி, டேப் ஒட்டி வையுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், உத்தரவாத அட்டை, கூரியர் கவர் எது இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கார்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பணம் போன ஸ்கிரீன்ஷாட் போதும்.