நாடகத்துக்கு பாட்டு எழுதறதா, சினிமாவுக்கா?

எங்க ராயபுரத்துல ஒரு தம்பி நல்லா எழுதுவான், "அண்ணே எந்தப் பக்கம் போறது"ன்னு கேட்டான், ரெண்டுலயும் கொஞ்சம் கால நனைச்சவன்றதால சொல்றேன். சினிமால பெரும்பாலும் மெட்டு முதல்ல வரும், தத்தகாரத்துக்கு, அதாவது 'தன தன்னானா'ன்னு வர்ற மெட்டோட அளவுக்கு, வார்த்தைய உக்கார வைக்கணும், பத்து பல்லவி கேப்பாங்க, ஒன்னு எடுப்பாங்க, சிலசமயம் அந்தப் பாட்டே படத்துல இருக்காது.

நாடகம் அப்டி இல்ல, பாட்டுதான் கதைய நகத்தணும், பாட்டு முடியும்போது அந்த கேரக்டர் வேற ஆளா ஆயிருக்கணும், அதுவும் நடிகன் ஆடிக்கினே மூச்சு வாங்கி பாடறான், மைக் வேற சொதப்பும், வாய்ல நுழையாத வார்த்தைய வெச்சா கடைசி வரிசைக்கு ஒன்னும் புரியாது, ரீவைண்ட் பண்ண முடியாதுல்ல. ஒத்திகைல உக்காந்து மாத்தி மாத்தி எழுதற அந்த டிரெய்னிங் வேற எங்கயும் கெடைக்காது. பட்டுக்கோட்டையாரே நாடக சபால இருந்துட்டு சினிமாவுக்கு வந்தவருதான். நம்ம வால்டாக்ஸ் ரோடு ஒத்தவாடை கொட்டகைலாம் ஒரு காலத்துல நாடகத்துக்கே பேர் போனது.

காசுன்னா சினிமாதான். 2012 காப்பிரைட் திருத்தத்துக்கு அப்புறம், தியேட்டர்ல படம் ஓடறத தவிர மத்த இடத்துல பாட்டு ஓடுனா வர்ற ராயல்டி பங்க தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்க முடியாது, அந்த ராயல்டிய வசூல் பண்ணித் தர்ற ஐபிஆர்எஸ் சங்கத்துல மெம்பர் ஆயிக்கோ. நாடகத்துல எனக்கு ஒரு குழு பேசுன காச டீயும் பன்னுமா முடிச்சிட்டாங்க!

என் ஓட்டு நாடகத்துக்குதான் தம்பி, ஆனா இப்ப பாக்கற வேலைய விட்றாத.