‘தண்ணி’க்கு ஒரு சனிக்கிழமை: வெள்ளவத்தைப் பேச்சுத்தமிழ் வகுப்பு

கனடாவில் பிறந்து வளர்ந்த என் மருமகள், விடுமுறைக்குக் கொழும்பு வந்த இரண்டாம் நாளே, கல்யாண வீடொன்றில் ‘மாமா நல்ல தண்ணியில நிக்கிறார்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கிணறு எந்தப் பக்கம் என்று என்னிடம் விசாரித்தாள். வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையொன்றின் மாடியறையில் நடைபெறும் பேச்சுத்தமிழ் வகுப்பில் அவளைச் சேர்த்ததற்கு அதுவே காரணம்.

சனிக்கிழமைதோறும் சாதாரணச் சொல்லொன்றை எடுத்து, அதையொட்டிப் பிறந்த வழக்குகளை இரண்டு மணி நேரம் பேசுவதே இங்குள்ள முறை. நான் கூட இருந்த அன்று ‘தண்ணி’. தண்மையான நீரே தண்ணீர் என்று தொடங்கிய ஆசிரியை, அப்படியானால் நாம் நாள்தோறும் கேட்கும் ‘சுடுதண்ணி’ எப்படிப் பொருந்தும் என்று வினவிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். உவர்க்கிணறுகள் உள்ள யாழ்ப்பாணத்தில் ‘நல்ல தண்ணி’ குடிக்கக்கூடியது. அட்டன் வழியாகச் சிவனொளிபாத மலை ஏறுவோருக்கு அது அடிவாரத்து ஊரின் பெயர். கல்யாண வீட்டில் அதன் பொருளே வேறு. மாட்டுக்குத் தண்ணி காட்டுவது பராமரிப்பு, கடன் கொடுத்தவனுக்குத் தண்ணி காட்டுவது ஏய்ப்பு என்று அவர் சொன்னபோது மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் கையில் தரும் அச்சுத்தாள் அந்தப் பேச்சுக்கு ஈடாகவில்லை. ‘தண்ணி தெளித்துவிடுதல்’ என்பதற்குக் ‘கைவிடுதல்’ என்ற ஒற்றைச் சொல்லே பொருளாகத் தரப்பட்டுள்ளது. பலியிடுமுன் ஆட்டின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தைச் சொல்லாவிட்டால், ‘அவனுக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு’ என்று ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்லும்போது அதிலுள்ள கசப்பு எப்படி விளங்கும்? தமிழ்நாட்டு வழக்கான ‘தண்ணியில்லாக் காடு’ நான்கு வரி பிடித்திருக்க, நம் வீடுகளில் சாமத்தியச் சடங்கோடு வரும் ‘தண்ணி வார்ப்பு’ தாளில் இல்லவே இல்லை. எதை யாரிடம் சொல்லலாம் என்ற குறிப்பும் கிடையாது. ‘தண்ணி போட்டிருக்கிறீங்களா?’ என்று எவ்வளவு மரியாதை விகுதி சேர்த்தாலும் பெரியப்பாவிடம் கேட்க முடியாது. நல்லவேளையாக, அந்தக் கேள்வியை மருமகள் வீட்டுக்கு வந்தபின் என்னிடம்தான் ஒத்திகை பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை ‘கை’ என்கிறார்கள். அவளை அனுப்புவேன், தாளை மட்டும் நானே திருத்திக் கொடுப்பேன்.