சம்புக்குள் என்ன போடுவது: ஒஸ்கார் தொட்டியோடு ஐந்து வருடம்

2020 ஊரடங்கில் பொழுது போகாமல் தொடங்கிய மீன்தொட்டி. திருகோணமலையில் எங்கள் வீட்டு முன்னறையில் நிற்கிறது. நாலடி நீளம், 250 லீற்றர் பிடிக்கும். இரண்டு ஒஸ்கார் மீன், நாலு சில்வர் டொலர் மீன். கீழே அலமாரிக்குள் இரண்டரை அடிக் கண்ணாடிச் சம்ப், அதாவது மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி வடிபட்டு பம்பால் திரும்பவும் மேலே போகும் அறை பிரித்த சின்னத் தொட்டி. ஒஸ்கார் வளர்த்தவர்களுக்கு இந்த மீனின் குணம் தெரியும். நாய்க்குட்டி மாதிரி முகத்தைப் பார்த்துச் சாப்பாடு கேட்கும். போட்டதில் பாதியை மென்று துப்பும், மீதியைக் கழிவாக்கும். இரண்டுமே சம்புக்குத்தான் வந்து சேரும்.

சம்புக்குள் வடிகட்டப் போடும் பொருளான மீடியா வாங்கப் போன முதல் நாள் கடைக்காரர், "தம்பி, செரமிக் வளையத்தை அள்ளிப் போடுங்க, தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும்" என்றார். ஐந்து கிலோ வாங்கினேன். வலைப்பைகளில் கட்டி நடு அறையை விளிம்புவரை நிரப்பினேன். அதற்கு முன்னால் ஒரேயொரு மெல்லிய ஸ்பொஞ்ச். ஆறு கிழமையில் வளையங்களில் பக்டீரியா பிடித்து, மீன் கழிவால் வரும் நஞ்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கையை வைத்தால் பக்டீரியா செத்துவிடும் என்று ஒரு பயம்.

பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். ஒரு நாள் இரவு கரண்ட் வந்து பம்ப் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முன்னறை முழுக்கக் கூழ்முட்டை நாற்றம். காஸ் கசிகிறது என்று நினைத்து மனைவி குசினிக்கு ஓடினாள். விடியப் பார்த்தால் மூன்று சில்வர் டொலர் மிதக்கின்றன. ஒரு பையை அவிழ்த்து வாளியில் கொட்டினேன். வெளியே இருந்த வளையங்கள் மண்ணிறம். நடுவில் இருந்தவை கரி மாதிரிக் கறுத்து, விரலில் வழவழவென்று ஒட்டின. வளையத்தின் ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை, எல்லாவற்றிலும் ஊத்தை.

அமோனியாவைத் தின்னும் பக்டீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். 25 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். எங்கள் ஊர் வெக்கையில் தொட்டி 30க்குக் கீழே இறங்குவது மாரியில் மட்டும். பம்ப் நின்றால் அந்தக் கொஞ்சத்தையும் அழுகும் ஊத்தை குடித்துவிடும். அதற்குப் பிறகு காற்றில்லாமல் வாழும் வேறு பக்டீரியா வேலையைத் தொடங்கி, கூழ்முட்டை நாற்றமடிக்கும் ஐதரசன் சல்பைட்டை விடும். கரண்ட் வந்ததும் அந்த நஞ்சு முழுவதையும் பம்ப் அள்ளி மேலே மீனுக்கு அனுப்பிவிட்டது. வளையத்தைக் குறை சொல்லி என்ன பயன்? ஊத்தையை உள்ளே விட்டது நான்.

சம்பை மாற்றி அடுக்கினேன். மேலிருந்து வரும் தண்ணீர் இப்போது முதலில் மரக்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையில் போட்ட பொலியெஸ்டர் பஞ்சில் விழுகிறது (இலவம்பஞ்சு வேண்டாம், ஊறி அழுகும்). அதன் கீழே, நீர்மட்டத்துக்கு மேலே, இன்னொரு கூடை நிறையப் பயோ போலும் (பக்டீரியா ஒட்டி வளரும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் உருண்டை) சட்டி உரஞ்சும் பிளாஸ்டிக் நாரும். தண்ணீர் அவற்றின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் ஈரமாகக் காற்றில் கிடக்கும், மூச்சு முட்டாது. அடுத்து முரட்டு ஸ்பொஞ்ச், பிறகு மெல்லியது. கடைசியில்தான் வளையம், ஒன்றரைக் கிலோ, கட்டாமல் பரவலாக. மீதி மூன்றரைக் கிலோ சாக்கில் கிடக்கிறது, யாராவது கேட்டால் கொடுக்கலாம்.

வேறு சிலவற்றையும் போட்டுப் பார்த்தேன். கார்பன் (வடிகட்டுக் கரி), மருந்து போட்ட பிறகு நிறமெடுக்க மட்டும். அமோனியாவை அது தொடாது. சியோலைட் என்ற கனிமக் கல் அமோனியாவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெண்புள்ளி நோய்க்கு உப்புப் போடுகிறவர்கள் முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் பிடித்ததையெல்லாம் திருப்பி விட்டுவிடும். பவளத்துண்டு போடச் சொல்லி ஒரு நண்பர் நச்சரித்தார். எங்கள் ஊர்ப் பக்கம் பவளம் இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கவே கூடாது. அதைவிட, பவளம் கரைந்து பிஎச்சை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையை, ஏற்றும். பிஎச் 7இல் இருக்கும் அமோனியா 8க்குப் போனால் ஏறக்குறையப் பத்து மடங்கு நஞ்சு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே சவர், அதற்கு மேல் வேறு சுண்ணாம்பு எதற்கு?

பஞ்சை மூன்று நாளைக்கொருமுறை மாற்றுகிறேன். ஸ்பொஞ்சை இரண்டு கிழமைக்கொருமுறை தொட்டித் தண்ணீர் வாளியிலேயே பிழிவேன். குழாய்க்கு அடியில் பிடித்தால் குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும். பிழிந்த தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வரும், நேரே கறிவேப்பிலைக்குப் போகும். அந்த மரம் இப்போது கூரையைத் தொடுகிறது. வளையத்தையும் வருடத்துக்கு இரண்டு தடவை, பாதி பாதியாக அலசுகிறேன்.

போன மாரியில் கொப்பு முறிந்து கம்பியில் விழுந்து ஏழு மணித்தியாலம் கரண்ட் இல்லை. வந்தபோது சம்புக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தேன். ஈர மண் வாசம் மட்டும்தான். மேலே ஒஸ்கார் இரண்டும் கண்ணாடியில் முட்டிச் சாப்பாடு கேட்டன.

குறை இல்லாமல் இல்லை. இரவில் சொட்டுச் சத்தம் கேட்கும், படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்தால் வீட்டில் சண்டை நிச்சயம். சொட்டும் தண்ணீர் ஆவியாவதும் கூட. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாளுக்கு அரை வாளி ஊற்ற வேண்டியிருக்கிறது, மறந்தால் பம்ப் காற்றை இழுத்துக் கத்தும்.