ஒட்டுப்போட்ட கியர் லீவருக்கு 680 வெள்ளி: பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் உஷார்!

680 வெள்ளி. ஒரே ஒரு கியர் லீவருக்கு. அதுவும் புதுசு இல்லை, வெல்டு வைத்துச் சாயம் பூசியது. இன்று காலை உரம் இழுக்கும்போது முறிந்து டிரைவர் கையோடு வந்துவிட்டது. சிங்கப்பூரில் லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா பக்கம் பண்ணைகளில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களும் ஓட்டுகிறவர்களும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். லீவர் வாங்கும்போது, மாட்டும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி மாஸி ஃபெர்குசன் 135. 1964-லிருந்து 1975 வரை வந்த மாடல். ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் குடும்பத்து வண்டிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. லீவர் கியர்பெட்டி மூடியிலிருந்து நேராக மேலே வரும், கேபிள் கீபிள் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு குண்டு, அது உட்கார ஒரு குழி, அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங். குண்டுக்குக் கீழே இருக்கும் நாக்குதான் உள்ளே செலக்டர் காடியில் (கியரை நகர்த்தும் தண்டில் வெட்டிய பள்ளம்) நுழைந்து கியரைத் தள்ளுகிறது. லீவரின் அடியை மூடும் ரப்பர் பூட் (உறை) கிழிந்து மழைத்தண்ணீர் தேங்கினால் குண்டுக்குச் சற்று மேலே துரு அரிக்கும். கிளட்ச் சரியாக விடாத வண்டியில் கியரை முரட்டுத்தனமாகத் தள்ளத் தள்ள அந்த இடத்தில்தான் விரிசல் விழும். எங்களுடையதும் அங்கேதான் முதலில் ஒடிந்தது.

இங்கே இந்த வண்டிக்குச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. வடக்கே ஒரு தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட், எக்ஸ்கவேட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்று, வாங்கி விற்கும் செயலியில் 'பழைய டிராக்டர் பாகங்கள்' என்று விளம்பரம் போட்டிருந்தது. பெயர் போடவில்லை, வம்பு வேண்டாம். பேசியவர் தமிழ்க்காரர். பண்ணைக்கே வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், சீரியல் நம்பர் தகட்டைப் படம் எடுத்தார். பிறகு கேட்டார்: "அண்ணே, இது 6 வேகப் பெட்டியா, 8 வேகப் பெட்டியா?"

அந்தக் கேள்வியில்தான் நம்பிக்கை வந்தது. 135-இல் இரண்டு வகைக் கியர்பெட்டியும் உண்டு, லீவர் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். விவரம் தெரியாதவன் இதைக் கேட்க மாட்டான். "ஒரிஜினல் இருக்குண்ணே, யூகேலேர்ந்து வந்தது, இன்னும் பொட்டியே பிரிக்கல. நம்மாளுக்குள்ள பொய் சொல்லுவேனா?" லீவர் 420, கூலி 180, ஆயிலும் கேஸ்கெட்டும் 80. மொத்தம் 680 வெள்ளி, முழுதும் முன்பணமாக, பேநவ்வில் (போன் வழியாக வங்கிக்குப் பணம் அனுப்புவது). சாமானை எடுத்து வைக்கணுமாம்.

மாட்ட வந்தவர்கள் கையில் அட்டைப்பெட்டி இல்லை. "கடையில கிடக்குண்ணே." லீவர் முழுக்கப் புத்தம்புதிய சாம்பல் பெயின்ட், கீழே நாக்கு வரைக்கும். புது லீவரில் குண்டும் நாக்கும் கடைந்த இரும்பு பளபளக்க எண்ணெய் தடவி வரும். உராயும் இடத்துக்கு யாராவது பெயின்ட் அடிப்பார்களா?

இன்று மூடியைத் திறந்ததும் எல்லாம் வெளியே வந்தது. பெயின்ட்டைச் சுரண்டினால் சுற்றிலும் வெல்டு வளையம், கிரைண்டரில் தேய்த்து மறைத்தது. முறிந்த முகத்தைப் பார்த்தால் வெல்டு ஓரத்தில் மட்டும் ஒரு தோல் மாதிரி பிடித்திருக்கிறது, நடுவில் இரண்டு கம்பியும் ஒன்றை ஒன்று தொட்டபடி சும்மா நிற்கின்றன. வேறு ஏதோ வண்டியின் மேல்பாதியும் எங்கள் பழைய லீவரின் கீழ்ப்பாதியும்! ஒடிந்த பழைய துண்டை "மாடல் பார்க்க" என்று வாங்கிப் போனது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. நாக்கைத் தேய்மானம் தெரியாமல் அரத்தால் ராவியதில் 4 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. மாட்டிய நாளிலிருந்து இரண்டாவது கியர் முழுதாக விழாமல் நழுவியதற்குக் காரணம் அதுதான். குண்டிலிருந்து நாக்கு முனை வரையுள்ள நீளம் குறைந்தால், லீவரைக் கடைசி வரை தள்ளும்போது நாக்கு காடியை விட்டு வெளியே வந்துவிடும். அப்படி வெளியே வந்தது பக்கத்துக் காடியில் மாட்டினால் இரண்டு கியர் ஒன்றாக விழுந்து பெட்டியே பூட்டிக்கொள்ளும்.

பில்லில் "கியர் ஆயில் மாற்றம், 5 லிட்டர்" என்று எழுதியிருக்கிறார்கள். 135-இல் கியர்பெட்டிக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். சுமார் 30 லிட்டர் பிடிக்கும். 5 லிட்டரில் எதை மாற்றினார்களாம்? கேஸ்கெட்டும் போடவில்லை, சிவப்பு சிலிக்கானை அப்பி மூடியிருக்கிறார்கள். பிதுங்கிய சிலிக்கான் உள்ளே புழுப் புழுவாகத் தொங்குகிறது. அது எண்ணெயில் விழுந்தால் நேரே ஹைட்ராலிக் பம்பின் வடிகட்டிக்குப் போய் அடைக்கும், பிறகு பின்னால் கலப்பை தூக்காது. கிழிந்த ரப்பர் பூட்டுக்குப் பதில் கறுப்பு டேப் சுற்றி கேபிள் டை. இங்கே பெய்கிற மழைக்கு அந்த டேப் எத்தனை நாள் தாங்கும்? தண்ணீர் இறங்கி எண்ணெய் ஏற்கெனவே பால் கலந்த நிறத்துக்கு வந்துவிட்டது.

கடைக்கு போன் போட்டோம். முதலில், "கியரைப் போட்டு அடிச்சு ஓட்டியிருப்பீங்க." படங்களை அனுப்பியதும், "பாஸ் ஜொகூர் போயிருக்காரு, வந்ததும் பேசச் சொல்றேன்." பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தால் ஒரு பெண் எடுத்து, அந்த ஆள் இப்போது இங்கே வேலையில் இல்லை என்கிறார். வேலையில் இல்லாத அதே ஆள் கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு அனுப்புகிறார்: "அண்ணே, பழைய வண்டிக்கு வாரன்டி கெடையாதுண்ணே. ஒரு 200 குடுங்க, வேற ராடு போட்டுத் தர்றேன்." 680 போதவில்லையாம், இன்னும் 200!

வெல்டு வைப்பதே பாவம் என்று சொல்லவில்லை. லீவர் கிடைக்கவே இல்லையென்றால் வெல்டும் ஒரு வழிதான், ஆனால் அதற்கு முறை இருக்கிறது. இரண்டு முனையையும் நடுவரை சாய்வாகச் செதுக்கி வி வடிவம் எடுக்க வேண்டும். முனைகளை முன்கூட்டிச் சூடாக்கி, உலர்ந்த 7018 வெல்டிங் ராடால் அடுக்கடுக்காக நிரப்பி, உலர்மணலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீரில் முக்கினால் வெல்டை ஒட்டிய இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், அடுத்த முறை வெல்டுக்குப் பக்கத்திலேயே ஒடியும். லீவரைக் கழற்றி வெளியே வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். வண்டியில் வைத்தே பற்றவைத்தால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதன் குண்டுகளில் குழி விழவைத்துவிடும், பெட்டிக்குள் எண்ணெய் ஆவி வேறு. இதையெல்லாம் செய்து, வெல்டு என்று சொல்லியே 100 வெள்ளி கேட்டிருந்தால் கும்பிட்டுக் கொடுத்திருப்போம்.

பணத்தை விடப்போவதில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை 2 ஆண்டுகளுக்குள் போடலாம், வக்கீல் வைக்க முடியாது, தேவையும் இல்லை. ஆனால் ஒன்று: பண்ணை நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உதவிக்கு வராது. அது தொழிலுக்காக அல்லாமல் வாங்கும் தனிநபர்களுக்கானது. பில், பேநவ் ரசீது, குரல் பதிவு, முறிந்த துண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், மேலே இருப்பதிலேயே பாதி வந்துவிட்டது. மழை வேறு கட்டிக்கொண்டு வருகிறது, திறந்த பெட்டியை மூட வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்:

முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். பெயின்ட் அடித்த லீவர் வந்தால் அவர்கள் முன்னாலேயே பிளேடால் சுரண்டிப் பாருங்கள், சுரண்டவிடாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

ஒடிந்த பழைய துண்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். அளவு வேண்டுமென்றால் வெர்னியரில் எடுத்துக்கொள்ளட்டும்: குண்டின் விட்டம், நாக்கின் அகலமும் தடிமனும், குண்டு நடுவிலிருந்து நாக்கு முனை வரை நீளம்.

பெட்டியைத் திறக்குமுன் சுற்றிலும் கழுவித் துடையுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கியர் விழுந்த நிலையில் லீவர் ஒடிந்திருந்தால், செலக்டர் காடிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும்வரை ஸ்குரூடிரைவரால் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத்தான் புது லீவரை இறக்க வேண்டும்.

ஒடிந்த துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பாருங்கள். ஒரு சில்லு குறைந்தாலும் காந்தக்கம்பி விட்டுத் தேடாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அந்த விளம்பரம் இன்னும் செயலியில் இருக்கிறது. படத்தில் சாம்பல் நிற லீவர், விலை 420.