ரேடியஸ் அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

அலுவலகக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளில் ரேடியஸ், அதாவது பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு பொது சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும் உள்நுழைவை, அமைத்துத் தருவதாக ஒரு நிறுவனம் வந்தால், உள்ளே நுழைந்து காட்டியதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களிடம் வந்தவர்களும் அதைத்தான் காட்டினார்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார்கள், ஸ்விட்ச் திறந்தது. வேலை முடிந்ததாக எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு ஊழியர் ஒருவர் விலகினார். சர்வரில் அவருடைய கணக்கை முடக்கினோம். அந்த நிறுவனம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்த கடவுச்சொல்லை அவர் பெயரில் போட்டுப் பார்த்தால், ஸ்விட்ச் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது!

அமைப்பைத் திறந்து படித்தபோதுதான் திருகுதாளம் புரிந்தது. சரியான வரிசைப்படி முதலில் சர்வரைக் கேட்க வேண்டும். சர்வர் பதிலே தராதபோது மட்டும் ஸ்விட்சுக்குள் இருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். சர்வர் 'கூடாது' என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. இவர்கள் இதைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு ஸ்விட்சிலும் எல்லா ஊழியர்களுக்கும் தனிக் கணக்கு உண்டாக்கி, அதையே முதலில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊழியர் யாருக்காகவும் சர்வரிடம் கேள்வியே போகவில்லை. ஊருக்குக் காட்ட ஒரு சர்வர், அவ்வளவுதான்.

அதைவிட மோசம் வரிசையின் கடைசிச் சொல். அங்கே 'நன்' (none), அதாவது சோதனையே வேண்டாம், என்று இருந்தது. சர்வர் படுத்துவிட்டால், ஸ்விட்சில் இல்லாத ஏதோ ஒரு பெயரைத் தட்டினாலும் கடவுச்சொல் கேட்காமலே கதவு திறக்கும் என்று பொருள். கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் பழைய தொலை உள்நுழைவு முறையான டெல்நெட்டும் திறந்தே கிடந்தது. சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான ரகசியச்சொல் எல்லா ஸ்விட்சிலும் ஒன்றே. அதுவும் அந்த நிறுவனத்தின் பெயரேதான். மற்ற வாடிக்கையாளர்களிடமும் இதே சொல்லைத்தான் வைத்திருப்பார்களோ என்னவோ.

கேட்டதற்கு, "உள்நுழைவு வேலை செய்கிறதே, இதற்கு மேல் செய்வது தனி வேலை, தனிக் கட்டணம்" என்றார்கள். வாய்கூசாமல்!

பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்முன்னே தோற்றுக் காட்டச் சொல்லுங்கள். சர்வரில் ஒரு கணக்கை முடக்கிவிட்டு அதே பெயரில் நுழையச் சொல்லுங்கள், மறுக்கப்பட வேண்டும். சர்வரை நிறுத்திவிட்டு முயலச் சொல்லுங்கள். அவசரத்துக்கென்று வைத்த ஒரே உள்கணக்கு மட்டும் திறக்க வேண்டும், வேறெதுவும் கூடாது. இதைச் செய்யும்போது ஸ்விட்சிலேயே நேரடியாகக் கேபிள் செருகும் கன்சோல் வழியாக ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கட்டும், இல்லையென்றால் எல்லோரும் வெளியே நிற்க நேரும். சர்வரின் பதிவேட்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரேடியஸில் அனுமதிக்கு 1812, யார் எப்போது நுழைந்தார் என்று குறித்துவைக்கும் பதிவுக்கு (அக்கவுண்டிங்) 1813 என இரண்டு போர்ட் எண்கள் உண்டு. எங்களுக்கு இரண்டாவதை அமைக்கவே இல்லை. யார் எப்போது நுழைந்தார் என்பதற்குச் சர்வரில் ஒரு வரிகூடக் கிடையாது.

சர்வரின் 'கூடாது' என்ற பதிலை இடையில் இருப்பவர் 'சரி' என்று மாற்றிவிட இடம்கொடுக்கும், 2024இல் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் பலவீனத்துக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். செய்தி திருத்தப்படவில்லை என்று காட்டும் முத்திரையான மெசேஜ் ஆத்தென்டிகேட்டரைக் கட்டாயமாக்கினோம், ஸ்விட்சின் மென்பொருளைப் புதுப்பித்தோம் என்று பதில் வர வேண்டும். எங்களிடம் வந்த நிறுவனத்தார் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை.