மோகனாம்பாளை மறுபடி பார்ப்பவர்களுக்கு: இந்த முறை பாலையாவைப் பாருங்கள்

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியையும், நாட்டியக்காரி மோகனாவாக வரும் பத்மினியையும் பார்ப்பார்கள். அப்படித்தான் பார்க்க வேண்டும். கதை தெரிந்து, வசனம் மனப்பாடமாகி, அடுத்து சூழ்ச்சிக்கார வைத்தி எந்தப் பக்கமிருந்து வருவான் என்பது வரை தெரிந்துபோன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் மீது கண்ணை வையுங்கள். 1968இல் வந்த படத்தை இன்றும் நான் அலுக்காமல் பார்க்கிறேன் என்றால் அவர்களால்தான்.

என் பெரியப்பா தவில்காரர். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் காலமெல்லாம் வாசித்தவர். தொலைக்காட்சியில் இந்தப் படம் வந்தால் தவில்காரர் முத்துராக்குவாக நடித்த டி.எஸ்.பாலையாவை விட்டு அவர் பார்வை நகராது. “நாயனம் எங்கே மூச்சு வாங்கும் என்று இந்த மனிதருக்குத் தெரிகிறது பார்” என்பார். அதன் பிறகுதான் நானும் பார்க்கத் தொடங்கினேன். நாயனம் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் ஒரு துணுக்கை, எடுத்துச் சுற்றிச் சுற்றி வரும்போது பாலையாவின் முகம் முதலில் மலர்கிறது. அப்புறம்தான் கை எழுகிறது. நல்ல தவில்காரர் முதலில் நல்ல ரசிகர். விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வலது கையாலும், கழியைப் பிடித்த இடது கையாலும் யார் வேண்டுமானாலும் தட்டிக் காட்டிவிடலாம். தன் நாயனக்காரரின் வாசிப்பில் பெருமைப்படுகிற அந்த முகத்தை நடித்துக் காட்டுவது பெரிய காரியம். கோபக்காரச் சண்முகசுந்தரத்தைச் சமாதானப்படுத்துகிற இடங்களிலும் அதே முகம்தான்: ஒரு கண்ணில் பயம், இன்னொரு கண்ணில் பாசம்.

சிவாஜியின் விரல்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கழுத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒலி முழுவதும் மதுரை எம்.பி.என்.சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆனால் நீண்ட கார்வை ஒன்று, அதாவது இழுத்துப் பிடித்த சுரம், நிற்கும்போது புடைக்கிற நரம்பும், அது முடிந்ததும் தளர்கிற தோளும் சிவாஜியுடையவை. நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை உதட்டிலிருந்து எடுத்த மறுகணம் அவர் உடனே பேசுவதில்லை; மூச்சு திரும்பி வரக் காத்திருக்கிறார். வாசித்து ஓய்ந்தவரை அருகில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவருடன் இரண்டாவது நாயனமாக ஏ.வி.எம்.ராஜன். அண்ணன் விட்ட இடத்தில் எடுப்பதும், அண்ணன் எடுத்ததும் அடங்குவதுமாக இருக்கும் அந்தப் பணிவு சாதாரணமாகக் கண்ணில் படாது. ஒரு முறை அவரை மட்டும் பார்த்துக்கொண்டே கச்சேரிக் காட்சிகளைக் கடந்து வாருங்கள்.

‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டு இந்தப் படத்தின் உச்சம் என்பேன். அந்தப் பெண்ணின் ஆட்டத்தையெல்லாம் பார்ப்பதா என்று வீம்பு பிடித்த வித்வான், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறார். சபைக்குச் சாமியைப் பாடுவது போலிருக்கிறது. தூணுக்கு மட்டும் செய்தி போய்ச் சேர்கிறது. பி.சுசீலாவின் குரலில் அந்தக் குறும்பு கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. கே.வி.மகாதேவன் இசையில் ‘நலந்தானா’வும் உண்டு. அதைச் சின்னத் திரையில் தனிப்பாட்டாகக் கேட்டுப் பழகியவர்கள் தயவுசெய்து படத்தோடு பாருங்கள். காயம்பட்டவர் எதிரே நாயனத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நேரில் போய் விசாரிக்க முடியாதவள் ஊரார் முன்னிலையில் ஆடியபடியே விசாரிக்கிறாள். அது தெரியாமல் கேட்டால் பாட்டில் பாதிதான் கிடைக்கும்.

ஜில்ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வராது. நாயனத்தைக் கேட்டுவிட்டு, அந்தச் சத்தம் இவருடைய நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று வெள்ளந்தியாகக் கேட்பாரே, தியேட்டரே சிரிக்கும் இடம். நான் கேட்டதிலேயே மிக உயர்ந்த பாராட்டும் அதுதான். சங்கீதம் படிக்காத ஒருத்தி, கருவி வேறு, கலைஞன் வேறு என்று கண்டுபிடித்துவிடுகிறாள். நாகேஷின் சவடால் வைத்திக்கு ஒரு வரி போதும்: இவ்வளவு அழகாகக் கெடுதல் செய்கிறவனை வேறு யாராலும் நடிக்க முடியாது.

குறைகளும் உண்டு. சண்முகசுந்தரத்தின் சந்தேக புத்தி எனக்கு எந்த முறையும் பிடித்ததில்லை. மோகனா ஒவ்வொரு தடவையும் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவள் கலைக்கு அவன் கலையளவு மரியாதையை அவன் கொடுக்கவே வெகுநேரமாகிறது. பத்மினியின் கண்கள் அந்த வலியைச் சொல்வதால்தான் பொறுத்துக்கொள்ள முடிகிறது. மதன்பூர் மகாராஜாவாக நம்பியார் வந்த பிறகு கதை இழுக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதியபோது, வாரம் ஒரு முறை கோபுலுவின் ஓவியத்தோடு அந்தத் திருப்பங்கள் வாசகர்களைக் கட்டிப்போட்டிருக்கும். ஒரே மூச்சில் பார்க்கிறபோது ஏ.பி.நாகராஜன் இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசியில் பார்க்காதீர்கள். தவிலில் கழியால் தட்டுகிற தொப்பிப் பக்கத்து முழக்கம் அதில் செத்துப்போகும். வெறும் டக் டக் என்றுதான் கேட்கும். நல்ல ஸ்பீக்கர் இருக்கிற வீட்டில், மத்தியான நேரத்தில், பெரியவர்கள் யாராவது கூட இருக்கும்போது போடுங்கள். இரண்டு தலைமுறையினர் சேர்ந்து பார்த்தால் அவர்கள் எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் ரயில் காட்சிதான். மோகனாவின் அம்மாவாக, மகளுக்கும் நாயனக்காரருக்கும் இடையில் காவல் இருக்கும் சி.கே.சரஸ்வதியின் விழிப்பைப் பார்த்து என் மகள் இன்னும் சிரிக்கிறாள்.